சிகிச்சை முடிந்த பிறகும் வரும் பயம்

கீமோதெரப்பி முடிந்துவிட்டது, கட்டியும் சுருங்கிவிட்டது. ஆனாலும் மருத்துவமனை வாசனை பட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மாணவர்களே, இது கோழைத்தனம் அல்ல. மூளையில் பாதாம் பருப்பு வடிவில் உள்ள அமிக்டாலா, பழைய ஆபத்தை நினைவில் வைத்து எச்சரிக்கிறது. உடனே அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. புலியைக் கண்டால் நம்மை ஓட வைக்கும் அதே ஹார்மோன்தான்! இந்நிலை நீடித்து, கெட்ட கனவும் தூக்கமின்மையும் சேர்ந்தால் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம்.

இதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கேரின் சான் குழுவினர் 469 புற்றுநோயாளிகளை ஆய்வில் சேர்த்து நான்கு ஆண்டுகள் கவனித்தனர். முடிவுகள் 2017இல் 'கேன்சர்' ஆய்விதழில் வெளிவந்தன. மன உளைச்சல் மிகுந்தவர்களிடையே ஆறாவது மாதத்தில் 21.7 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு இருந்தது. நான்காம் ஆண்டில் அது 6.1 ஆகக் குறைந்தது.

சுவையான செய்தி இனிமேல்தான். ஆறாவது மாதத்தில், மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இக்கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு குறைவு. அந்த மையத்தில் முதல் ஓராண்டுக்கான ஆலோசனைத் திட்டம் பெரும்பாலும் அவர்களுக்கே கிடைத்தது. காரணம் அதுவாக இருக்கலாம். நான்காம் ஆண்டில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஓராண்டு ஆதரவு போதுமா என்ற கேள்வி எனக்கு இங்கேதான் எழுகிறது.

ஆலோசனை கட்டியைக் கரைக்காது. ஆனால் பயத்தால் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுபவருக்கு, நோய் திரும்பினாலும் தாமதமாகத்தான் தெரியவரும். பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ உங்கள் பாட்டி "அடுத்த மாசம் போய்க்கலாம்" என்றால், "தைரியமா இருங்க பாட்டி" என்பதோடு நிறுத்தாதீர்கள். இரவில் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவர் சொல்வதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.