நடவு வயலில் மூன்று தசைகள்

குறுவை நடவு முடிந்து வரும் பெண்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வழக்கமாகச் சொல்வது: "இடுப்பு கழண்டு போச்சு". நாற்று என்ன பெரிய எடையா? ஒரு முடியை ஒரு கையில் பிடித்துக்கலாம். அப்புறம் ஏன் இந்த வலி?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 66 குத்து, ஏக்கருக்கு ஏறத்தாழ 2,70,000 குத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை சேற்றுக்குள் போய் வர வேண்டும். ஆனால் அசைகிற கையை விட, குனிந்தபடியே நிற்கிற முதுகுதான் அதிகம் வலிக்கிறது.

நம் உடம்பில் தசை மூன்று வகை. நாம் நினைத்தால் அசைவது எலும்புத்தசை. இதயத்துக்கென்றே இருப்பது இதயத்தசை. ரத்தக் குழாய், குடல், சிறுநீர்ப்பை, கருப்பை இவற்றின் சுவர்களில் நம்மைக் கேட்காமலே வேலை பார்ப்பது மென்தசை. மூன்றிலும் சுருக்கத்தை உண்டாக்குவது ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரத இழைகள்தான். எலும்புத்தசையில் இவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன என்பதை 1954-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சொல்லின. இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார். இருவரும் உறவினர் இல்லை!

மயோசின் ஒவ்வொரு முறை பிடித்து இழுக்கவும் ஏடிபி செலவாகும். எதுவும் நகராவிட்டாலும் செலவுதான். பாதி குனிந்து நிற்கும்போது முதுகுத்தசை விடாமல் இறுகியிருக்கிறது. அந்த இறுக்கம் தனக்கு வரும் ரத்தக் குழாய்களையே நசுக்குகிறது. நடக்கும்போது காலுக்கு இந்தத் தொல்லை இல்லை, தசை இறுகி இறுகித் தளர்வதால் நடுவில் ரத்தம் வந்துவிடும்.

முழுசா குனிந்தால் கதை வேறு. ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் 1955-ல் வெளியிட்ட ஆய்வில், உடம்பு முழுக்க மடிந்ததும் முதுகை நிமிர்த்தும் தசைகளில் மின்துடிப்பே கிட்டத்தட்ட நின்றுபோவதைக் காட்டினார்கள். தசை வேலையை விட்டுவிடுகிறது. பாரம் பெரும்பாலும் எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் நார்களுக்கும் நடுவிலுள்ள வட்டுகளுக்கும் போகிறது. பழைய கயிற்றுக் கட்டில் தொய்வது மாதிரி அந்த நார்கள் மெல்ல மெல்ல நீளும். நிமிர்ந்தவுடனே பழைய நிலைக்கு வராது. அதனால் ரொம்ப நேரம் குனிந்திருந்துவிட்டு எழுந்த கையோடு நாற்றுக்கட்டைத் தூக்குவதுதான் மோசமான நேரம். சில நிமிஷம் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டுத் தூக்கினால் நல்லது. "பழகிப்போச்சு" என்பார்கள். தசை பழகும், வட்டும் நாரும் அந்த அளவுக்குப் பழகுவதில்லை.

மற்ற இரண்டு தசையும் சும்மா இல்லை. வெயிலில் தோலின் ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள மென்தசை தளர்ந்து, சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அது வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. சட்டென்று நிமிரும்போது காலின் குழாய்கள் உடனே இறுக வேண்டும். தாமதமானால் கண் இருட்டும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இதயம் பிடித்துக்கொள்ளாதது ஏன்? ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கொஞ்ச நேரம் அடுத்த தூண்டலை ஏற்காதபடி இதயத்தசை அமைந்திருக்கிறது. ஓய்வு அதற்குள்ளேயே இருக்கு.

யாரும் அதிகம் பேசாத விஷயம் சிறுநீர்ப்பை. பை மென்தசை, தானாகச் சுருங்கும். வெளி வாயிலின் தசை எலும்புத்தசை, நாம் அடக்கி வைக்கலாம். திறந்த வயலில் மறைவுக்கு இடமில்லாததால் பெண்கள் நிறையப் பேர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வியர்வையோ நிற்பதில்லை. ரத்த அளவு குறைய, அந்தச் சுமையும் இதயத்தின் தலையில்தான் விழுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் இது வழி. என்னைக் கேட்டால், வரப்போரம் நாலு கழியும் ஒரு தார்ப்பாயும் கட்டி மறைப்பு வைப்பது, வலி மாத்திரை கொடுப்பதை விடப் பெரிய உதவி.

திருந்திய நெல் சாகுபடியில் 22.5 சென்டிமீட்டர் சதுரமாக நடுவதால் ஏக்கருக்குக் குத்து ஏறத்தாழ 80,000-ஆகக் குறைகிறது. களையெடுப்பையும் கோனோ வீடர் தள்ளி, நின்றபடியே செய்யலாம். நடவுக்கு மட்டும் இன்னும் குனியத்தான் வேண்டும்.