சுடர் அணைந்த பிறகுதானே தண்ணீர் ஏறியது?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடியில் ஒரு சிறிய அறிவியல் காணொளி நிறுவனம் நடத்தி வருகிறேன். நிறுவனம் என்றால் இரண்டே பேர். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் நண்பருடையவை. எழுத்து, குரல், கணக்கு வழக்கு என்னுடையவை. பள்ளிகளுக்கான மூன்று, நான்கு நிமிடக் காணொளிகளே எங்கள் வேலை.

தொடங்கிய புதிதில், நாம் எல்லோரும் அறிந்த ஒரு சோதனையைப் படமாக்கினோம். தட்டில் வண்ண நீர். நடுவில் எரியும் மெழுகுவத்தி. அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. "எரிதலில் ஆக்சிஜன் தீர்ந்தது. காலியான அந்த இடத்தை நீர் நிரப்பியது" என்று குரல் கொடுத்தேன். படம் அழகாக வந்திருந்தது.

ஒப்படைக்கும் முன் ஒரு பள்ளியில் போட்டுக் காட்டினோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், எரியும்போதுதானே ஆக்சிஜன் குறையும்? சுடர் அணைந்த பிறகுதானே தண்ணீர் வேகமா ஏறுது?"

பதில் என்னிடம் இல்லை. அன்று மாலை மீண்டும் செய்து பார்த்தோம். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று வைத்தபோது, அதே டம்ளரில் நீர் இன்னும் உயரமாக ஏறியது. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அளவு கூடவில்லையே!

விளக்கம் இதுதான். டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரின் வெப்பத்தால் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. விளிம்பில் குமிழிகள் வருவதையும் சில நேரம் காணலாம். சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனின் இடத்தில் பெரும்பகுதியை கார்பன் டை ஆக்சைடு பிடித்துக்கொள்ளும். ஆக, நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பமே.

காணொளியை முதலிலிருந்து எடுத்தோம். அந்த மாதம் எங்களுக்கு நட்டம்தான். ஆனால் இதழில் பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். கைபேசிக்குக் கைபேசி போய்விட்ட காணொளியைத் திரும்ப அழைக்க முடியாது.

அதன்பின் எங்கள் வேலையின் வரிசையே மாறியது. முதலில் சோதனையை விளக்கமின்றி மாணவர்முன் செய்கிறோம். அவர்கள் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதிக்கொள்கிறோம். விளக்கத்தை எழுதியதும், "இது உண்மையானால் எதை மாற்றினால் எது மாற வேண்டும்?" என்று கேட்டு, அதையும் செய்து பார்க்கிறோம். பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்க்கிறார். கேமரா அதன் பிறகுதான்.

நீங்களும் வகுப்பில் இதைச் செய்யலாம். கைபேசியே போதும், தீயைக் கையாள்வது மட்டும் ஆசிரியராக இருக்கட்டும். மெதுவோட்டத்தில் பதிவு செய்து, சுடர் அணையும் நொடியில் நிறுத்துங்கள். நீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு மெழுகுவத்திகளின் எண்ணிக்கையை மாற்றி, நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து அட்டவணையிடச் சொல்லுங்கள்.

திருத்திய காணொளியில் என் குரல் முதலில் வருவதில்லை. அந்த மாணவியின் கேள்வியோடுதான் அது தொடங்குகிறது.