இருவர் வென்ற பதக்கம்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளின்போது ஒரு நிழற்படம் இணையத்தில் உலகெங்கும் பரவியது. அதில் துருக்கி நாட்டைச் சேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர் யூசுப் டிகெச் ஒரு கையில் துப்பாக்கியை நீட்டி நிற்கிறார். மறு கை கால்சட்டைப் பையில் இருக்கிறது. கண்களில் அன்றாடம் அணியும் மூக்குக்கண்ணாடி.

மற்ற வீரர்கள் பலர் சிறப்பு வில்லைகளும் ஒரு கண்ணை மறைக்கும் தகடும் அணிந்திருந்தனர். ஆகவே, டிகெச் கடைத்தெருவுக்குச் செல்பவரைப் போல எளிதாக வந்து வென்றுவிட்டார் என்று பலர் வியந்தனர். கோலூன்றித் தாண்டுதலில் 6.25 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்த சுவீடன் வீரர் அர்மாண்ட் டுப்லாண்டிசும் அவரைப் போலவே நின்று காட்டி மகிழ்ந்தார்.

ஆனால், அவ்வெற்றி எளிதாகக் கிடைத்ததன்று. இப்போட்டியில் இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும். பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே; அஃது ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. துப்பாக்கியை ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும் என்பது விதி. மறு கை அசைந்தால் உடலும் அசையும். எனவே அதைப் பையில் வைத்துக்கொள்வது வீரர்களின் வழக்கம். சிறப்புக் கண்ணாடி கட்டாயமன்று. டிகெச் இரு கண்களையும் திறந்து சுடுபவர். காதுகளில் சிறிய அடைப்பான்களையும் அவர் அணிந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 51. 2008 முதல் தொடர்ந்து பங்கேற்று வந்த அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்கில்தான் முதல் பதக்கம் கிடைத்தது.

அப்பதக்கமும் அவர் ஒருவருக்கே உரியதன்று. அது கலப்பு அணிப் போட்டி. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் அணியாக நின்று சுடுவர். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் பெற்ற மதிப்பெண்களும் கூட்டப்பட்டன. கூட்டுத்தொகை மிகுந்த அணி இரண்டு புள்ளிகளைப் பெற்றது. டிகெச்சுடன் சுட்டவர் ஷெவ்வல் இலாய்தா தர்ஹான் என்னும் வீராங்கனை. அவரும் ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டே சுட்டார். இறுதிச் சுற்றில் செர்பிய அணி 16–14 என்ற புள்ளிக்கணக்கில் தங்கம் வென்றது; துருக்கி வெள்ளி வென்றது. இந்தியாவின் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் இணை வெண்கலம் பெற்றது.

ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் துருக்கி பெற்ற முதல் பதக்கம் அதுவே. ஆயினும், பரவிய படத்தில் தர்ஹான் இல்லை. அதனால் டிகெச்சை அறிந்த பலர் தர்ஹானின் பெயரை அறியவில்லை. அந்த வெற்றியைப் பற்றிப் பேசுவோர் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

சிந்தித்து விடை எழுதுக:
1. வீரர்கள் ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்வது ஏன்?
2. ஒரு படத்தை மட்டும் பார்த்து ஒருவரைப் பற்றி முடிவு செய்யலாமா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.