நீல விளக்குப் பெட்டியை நம்பலாமா?

ஐப்பசி மழை நெருங்குகிறது. கூடவே மெட்ராஸ் ஐயும் வரும். 2022 நவம்பரில் தமிழகத்தில் தினமும் 4,000 பேருக்கு மேல் அது தொற்றுவதாக அரசே சொன்னது. வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கத்து வாசகர்கள் இப்போதே கேட்கிறார்கள்: கண் முகாமில் கருவிகளை நீல விளக்குப் பெட்டியில் வைத்து எடுத்தால் போதுமா?

பெட்டியில் "99.9 சதவீதக் கிருமி நீக்கம்" என்றிருக்கும். எந்தக் கிருமி என்று இருக்காது. சிக்கலே அங்கேதான்.

இந்தப் பெட்டிக்குள் வேலை செய்யும் புறஊதாக் கதிர் கிருமியை எரிப்பதில்லை. அதன் டிஎன்ஏவில் அடுத்தடுத்திருக்கும் தைமின்களை ஒட்டவைத்துவிடுகிறது. படியெடுக்க முடியாமல் கிருமி முடங்குகிறது. ஆனால் கண் நோயைப் பரப்புவதில் முக்கியமான அடினோவைரஸின் டிஎன்ஏ இரட்டை இழை. பத்திரம் கிழிந்தாலும் நகல் பத்திரமாக இருக்கிறது. அந்த வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும், நம் டிஎன்ஏவைச் செப்பனிட வைத்திருக்கும் நொதிகளே நகலைப் பார்த்து அதன் காயத்தையும் ஆற்றிவிடுகின்றன! பெட்டிக்குள் 'செத்தது' நோயாளியின் கண்ணில் பிழைத்துக்கொள்கிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது வழக்கமான கதிர் அளவு. அடினோவைரஸையும் கணக்கில் வைத்து, வைரஸ்களை 99.99 சதவீதம் ஒழிக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கேட்பதோ 186. உங்கள் ஊர்ப் பெட்டி எவ்வளவு தருகிறது என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நீல வெளிச்சமும் சான்றல்ல. கிருமியை முடக்கும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பழசாகி அந்தக் கதிர் குறைந்த பிறகும் நீலம் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

சோதனை லென்ஸ்? சாதாரணக் கண்ணாடியை இக்கதிர் ஊடுருவாது. விளக்கைப் பார்த்த பக்கம் மட்டுமே பயன்பெறும்.

ஸ்பிரிட் பஞ்சு? கண்ணைத் தொட்டு அழுத்தம் பார்க்கும் முனைக்கு அவசரத் துடைப்பு போதாது.

வேறு வழி? பத்தில் ஒரு பங்காக நீர்த்த பிளீச்சில் ஐந்து முதல் பத்து நிமிடம் முனையை ஊறவைக்கச் சொல்கிறது அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி. நன்றாக அலசி உலர்த்தாவிட்டால் கருவிழி புண்ணாகும்.

காற்றூதிக் கண் அழுத்தம் பார்க்கும் கருவி? கண்ணைத் தொடாது.

விளக்கு எரியும்போது பெட்டியைத் திறந்து பார்க்கலாமா? கூடாது; சில மணி நேரம் கழித்துக் கண் எரியும்.

கண் சிவந்து நீர் வடிகிறதென்றால், கருவியில் தாடையை வைக்கும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.