இரு வைத்தியர்களும் ஒரு நோயாளியும்

தமக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தும் நோயாளி தேறவில்லையென்றால் வைத்தியர் என்ன செய்வார்? இன்றைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, எக்ஸ்ரே உண்டு, ஈ.ஸி.ஜி. உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இவற்றில் எதுவும் கிடையாது. ஸ்டெதாஸ்கோப் கூட இல்லை. பிரெஞ்சு வைத்தியர் லேனெக் அதைக் கண்டுபிடித்தது 1816-ல்தான். நாடியைத் தொட்டுப் பார்க்கலாம். நாக்கையும் சிறுநீரையும் பார்க்கலாம். நோயாளி சொல்வதைக் கேட்கலாம். அதற்கு மேல் கை முடங்கினால் இன்னொரு வைத்தியரின் யோசனையைக் கேட்பதுதான் வழி. நேரில் வரவழைத்தும் கேட்டார்கள். கடிதம் எழுதியும் கேட்டார்கள். எடின்பரோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் கல்லன் என்பவருக்கு இப்படி யோசனை கேட்டு வந்த கடிதங்களும் அவர் எழுதிய பதில்களும் ஆயிரக்கணக்கில் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

யோசனை கேட்பது எளிதான காரியமன்று. தம் வித்தை பலிக்கவில்லை என்று நோயாளியின் வீட்டார் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். வருகிறவரோ பக்கத்து ஊரில் தொழில் செய்கிறவர். இன்று துணையாக வந்தவரே நாளை போட்டியாகவும் நிற்கலாம். வருகிறவர் பாடும் சுகமில்லை. முக்கால் பங்கு கைவிட்ட நோயாளியைக் கடைசி நேரத்தில் ஏற்றுக்கொண்டு, அவர் இறந்தால் பழியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்தச் சங்கடங்கள் அத்தனையும் ஒரே கட்டிலருகில் கூடிய ஒரு நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அது 1776-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி.

யோசனை கேட்டவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வினின் பாட்டனார். லிச்பீல்டு என்ற ஊரில் வைத்தியம் செய்தார், கவிதையும் எழுதினார், இயந்திரங்களைப் பற்றி ஓயாமல் யோசித்தார். பருத்த உடல், திக்குவாய். வயது 44. அந்த வட்டாரத்தில் அவருக்கு மிஞ்சிய வைத்தியர் இல்லை என்பது ஊரார் எண்ணம். யோசனை சொல்ல வந்தவர் வில்லியம் விதரிங், வயது 35. ஸ்டாபோர்டில் சிறிதாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த அவரை, 1775-ல் பர்மிங்ஹாமில் ஒரு வைத்தியரின் இடம் காலியானபோது, அங்கே வரும்படி கடிதம் எழுதி அழைத்தவரே டார்வின்தான். ஆகவே விதரிங் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர். தாவர நூலில் தேர்ந்தவர். பிரிட்டனின் செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் அதே 1776-ல் வெளிவந்தது.

நோயாளி ஷ்ராப்ஷயரில் நியூபோர்ட் என்ற ஊருக்கு அருகில் வசித்த ஒரு சீமாட்டி. வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். குளிர் நடுக்கத்தோடு தொடங்கிய காய்ச்சல், இடது விலாவில் வலி, மூச்சுத் திணறல், ஓயாத இருமல். ஜூன் தொடக்கத்தில் டார்வினை அழைத்தார்கள். அதன்பின் ஏழு வாரங்கள் அவர் பலமுறை வந்து பார்த்து, அக்காலத்து மருந்துப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு வகையையும் கொடுத்துப் பார்த்தார். பேதிக்கு, வாந்திக்கு, சிறுநீர் பிரிவதற்கு, உடல் தேறுவதற்கு, ஒன்றும் பாக்கியில்லை. இபிகாக் என்னும் வாந்தி மருந்து மட்டும் சிறிது ஆறுதல் தந்தது. அதுவும் 15 கிரெயினிலிருந்து 40 கிரெயின் வரை ஏற்றிய பிறகு பயனற்றுப் போயிற்று. அவ்வளவு கொடுத்தும் அந்த அம்மாளுக்குக் குமட்டல் கூட வரவில்லை.

விதரிங் உள்ளே சென்று கண்ட காட்சியைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். நோயாளி ஏறக்குறைய மூச்சடைத்துக் கிடந்தார். படுக்க முடியாது, தாங்க முடியாத தாகம். நாடி மிகவும் தளர்ந்து, ஒழுங்கின்றி ஓடியது. கைகள் ஈய நிறமாகிப் பிசுபிசுவென்று குளிர்ந்திருந்தன. வயிறும் தொடைகளும் கால்களும் நீர் கோத்துப் பெரிதாக வீங்கியிருந்தன. சிறுநீரோ எப்போதாவது ஒரு கரண்டி அளவு. காலைக் கீறி நீரை வடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்து, ஏற்கப்படாமல் போயிருந்தது.

இதை அந்நாளில் 'டிராப்ஸி' என்றார்கள். நம்மவர் நீர்வீக்கம் என்றும், வயிறு பெருத்தால் மகோதரம் என்றும் சொல்வார்கள். அது தனி நோயன்று, பல நோய்களின் அடையாளம். ஈரல் கெட்டாலும் வரும், சிறுநீரகம் கெட்டாலும் வரும், இருதயம் தளர்ந்தாலும் வரும். அன்றைய வைத்தியர்களுக்கு இந்தப் பிரிவினை தெளிவாகத் தெரியாது.

விதரிங்கிடம் ஒரு மருந்து இருந்தது. 1775-ல் நீர்வீக்கத்துக்கான ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி நெடுநாள் ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. பெரிய வைத்தியர்கள் கைவிட்ட சிலரையும் அவள் குணப்படுத்தியிருந்தாளாம். அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள். தாவர நூல் கற்றவர்க்கு அவற்றில் வேலை செய்யும் சரக்கு எது என்று கண்டுகொள்வது சிரமமாக இல்லை. அதுதான் 'பாக்ஸ்குளோவ்'. ஊதா நிறக் குழல் பூக்கள் ஒரே தண்டில் வரிசையாகத் தொங்கும் செடி. விரலுறை போன்ற பூ என்பதால், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'டிஜிட்டாலிஸ்' என்ற பெயரை 1542-ல் ஜெர்மானியரான பூக்ஸ் அதற்கு இட்டார். கொடிய நஞ்சுச் செடி. விதரிங் பர்மிங்ஹாமில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் சொல்லி வந்தார். அவர்களில் நீர்வீக்கம் கண்ட சிலருக்கு இந்த இலையைக் கொடுத்துப் பார்த்திருந்தார். அனுபவம் அவ்வளவே, ஓராண்டு கூட நிறைந்ததோ என்னவோ.

அந்த அறையில் நின்றபோது அவருக்கு உண்டான தயக்கத்தை ஒளிக்காமல் எழுதியிருப்பது எனக்கு அவர் மேல் மதிப்பை உயர்த்துகிறது. இனி எந்த மருந்தாலும் பெரிதாக ஆகப்போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. இவர் இறந்துவிட்டால், மனிதகுலத்துக்குப் பெரும் பயன் தரக்கூடிய ஒரு மருந்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். வேறு எந்த முறையான வைத்தியரும் கையாளாத சரக்கைக் கொடுத்தான் என்ற பழியும் தம்மைச் சேரும். இவ்வளவும் அவர் மனத்தில் ஓடியது. முடிவில் அந்த அம்மாளின் உயிரைக் காக்கும் ஆசைதான் வென்றது என்கிறார். மருந்தின் பெயரைச் சொன்னார்.

டார்வின் உடனே, மரியாதையோடு இசைந்தார். அந்த மருந்தைக் கொடுத்து அவர் பார்த்ததே இல்லை. ஆகவே தயாரிப்பையும் அளவையும் இளையவரிடமே விட்டுவிட்டார். புகழ்பெற்ற மூத்த வைத்தியர் ஒருவர் 'உமக்குத் தெரியும், நீரே செய்யும்' என்று ஒதுங்கி நிற்பது எக்காலத்திலும் அரிது. பின்னால் நடந்த மனத்தாங்கல்களைப் படிக்கும்போது இந்த ஒரு கணத்தை மறக்கக்கூடாதென்று நான் நினைக்கிறேன்.

பச்சை இலை நான்கு அவுன்ஸ். ஊற்று நீர் ஒன்றரைப் பைண்ட். அதை ஒரு பைண்டாகக் குறுக்கிக் காய்ச்சி வடிகட்டவேண்டும். நம் வைத்தியர்கள் மொழியில் மூன்றை இரண்டாகக் குறுக்கிய கஷாயம். அதில் ஒன்றரை அவுன்ஸ் எடுத்து, இரண்டு அவுன்ஸ் ஜாதிக்காய் நீரோடு கலந்து, இரண்டு மணிக்கொரு தரம் கொடுக்கவேண்டும். நோயாளி ஐந்து வேளை குடித்தார். குடலைப் பிடுங்கும் குமட்டல் கண்டது. பிறகு சிறுநீர் பிரியத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் எட்டுக் குவார்ட்டுக்கு மேல்! இன்றைய கணக்கில் ஏழு லிட்டருக்குக் குறையாது. மூச்சு இளகியது, நாடி நிரம்பி ஒழுங்காயிற்று, கால் வீக்கம் வடிந்தது. ஆகஸ்டு முதல் தேதி விதரிங் பார்த்தபோது நீர்வீக்கத்தின் சுவடே இல்லை. பலவீனம் மட்டும் இருந்தது.

அந்த அளவு மிக அதிகம் என்பதை இன்று படிக்கிற எவரும் சொல்வர். விதரிங்கும் விரைவிலேயே தெரிந்துகொண்டார். கஷாயம் காய்ச்சுவதை விட்டு, இலையை ஊறவைத்த நீருக்கு மாறினார். பிறகு, செடி பூக்கும் பருவத்தில் பறித்து உலர்த்திய இலையின் தூளை ஒரு கிரெயின் முதல் மூன்று கிரெயின் வரை கொடுத்தார். பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறுகிறது என்று கண்டதால்தான் இந்த ஏற்பாடு. சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றில் மருந்தின் வேலை தெரிந்தவுடன் நிறுத்திவிடவேண்டும் என்று விதி செய்தார். பத்தாண்டு அனுபவத்தை, கைகூடாத கேஸ்களையும் மறைக்காமல் சேர்த்து, 1785-ல் நூலாக வெளியிட்டார்.

மருந்து எப்படி வேலை செய்தது? அது சிறுநீரகத்தைத் தூண்டுவதாகவே விதரிங் பெரும்பாலும் எண்ணினார். ஆயினும் வேறு எந்த மருந்துக்கும் இல்லாத அளவு இருதயத்தின் மேல் இதற்கு ஆற்றல் உண்டு என்று குறித்தும் வைத்தார். உண்மை அங்கேதான் இருந்தது. நம் உடலின் ஒவ்வொரு அணுவறையும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பை வைத்திருக்கிறது. இந்தப் பம்பைப் பற்றி 1957-ல் எழுதிய டென்மார்க்கின் ஸ்கூ, 1997-ல் நோபல் பரிசு பெற்றார். டிஜிட்டாலிஸ் அந்தப் பம்பைத் தடுக்கிறது. இருதயத் தசையில் சோடியம் தங்க, அதன் விளைவாகக் கால்சியமும் மிகுதியாகச் சேர, சுருங்கும் வலிமை கூடுகிறது. அதோடு வேகஸ் நரம்பின் வழியாகத் தாறுமாறான துடிப்பின் வேகத்தையும் அடக்குகிறது. தளர்ந்த இருதயம் தேறினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும். தேங்கிய நீர் தானே வெளியேறும். அந்த அம்மாளின் ஒழுங்கற்ற நாடியை நினைத்துப் பார்த்தால் அவருடைய நோய் இருதயத்தைச் சேர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் வேலியோரத்து அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இருப்பது இதே இனத்து நஞ்சுதான். ஆகவேதான் டிஜிட்டாலிஸுக்கென்று உண்டான முறிமருந்து இலங்கையில் மஞ்சள் அரளி விஷத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள இடைவெளி இதில் மிகக் குறுகியது. இன்றும் டிஜாக்ஸின் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துப் பார்க்கிறார்கள். 1997-ல் ஏறத்தாழ 6,800 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், அது ஆயுளை நீட்டிக்கவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதைக் குறைக்கிறது என்று தெரிந்தது.

இரு வைத்தியர்களின் நட்பு நீடிக்கவில்லை. டார்வினின் மூத்த மகன் சார்லஸ் (பரிணாமக் கொள்கைக்காரருக்குப் பெரியப்பா) எடின்பரோவில் மருத்துவம் படிக்கையில் 1778-ல் 19 வயதில் இறந்தான். அவன் எழுதிய ஆராய்ச்சியைத் தந்தை 1780-ல் அச்சிட்டார். அதோடு பாக்ஸ்குளோவ் கொடுத்த சில கேஸ்களையும் சேர்த்தார். இந்தச் சீமாட்டியின் கதையும் அதில் உண்டு. விதரிங்கின் பெயர்தான் இல்லை! விதரிங் 1785 வரை பொறுத்திருந்து, இந்தக் கேஸைத் தேதிவாரியாக விரித்தெழுதி, டார்வின் ஞாபகத்தை நம்பி எழுதியதால் சற்றுக் குறைபாடாகச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தார். இதைவிட நாகரிகமாகக் குட்ட முடியாது. 1788-ல் டார்வினின் இன்னொரு மகன் ராபர்ட்டுக்கும் விதரிங்குக்கும் வேறொரு நோயாளியைப் பற்றித் தகராறு மூண்டு, அடுத்த ஆண்டில் துண்டுப் பிரசுரம் வரை போயிற்று.

புகழ் யாருக்கு என்று இவர்கள் வழக்காடினார்கள். கிழவிக்காக வழக்காட ஒருவரும் இல்லை. அவள் பெயரை விதரிங் எழுதவில்லை. 'மதர் ஹட்டன்' என்று இப்போது பல நூல்களில் காணும் பெயர், 1928-ல் ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரப் படத்துக்காகச் சூட்டிய கற்பனைப் பெயர்.

சீமாட்டியின் பெயரையும் விதரிங் முதல் எழுத்தளவில்தான் அச்சிட்டார். நீர்வீக்கம் அவருக்கு அந்தச் செப்டம்பரிலேயே திரும்பியது. மறுபடியும் இலை கொடுத்து வடித்தார்கள். 1785-ல் நூல் அச்சேறியபோது, முதல் வேளை மருந்து குடித்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவர் உயிரோடிருந்தார். வீக்கம் அவ்வப்போது தலைகாட்டும். வைத்தியருக்கு ஆளனுப்பாமல், இலை ஊறிய நீரை மிகச் சிறிய அளவில் தாமே குடித்துச் சரிசெய்துகொள்வாராம்.