உருகாமல் ஒன்றாகும் உலோகங்கள்

சூரிய ஒளியால் மின்னூட்டம் பெறும் மின்கல அடுக்குகள் இன்று நம் நாட்டு வீடுகளிலும் இடம்பெற்றுவிட்டன. அவற்றின் ஆற்றலைப் பேசுவோர் பலர். கலத்தோடு கலத்தைப் பிணைக்கும் சிறு தகட்டை எண்ணுவோர் சிலரே. அவ்விணைப்பின் தடை 1 மில்லியோமாயின், 200 அம்பியர் மின்னோட்டம் செல்லுங்கால் ஆங்கே 40 உவாற்று வெப்பம் பிறக்கும். தடை பத்திலொன்றாகக் குறையின் வெப்பம் 4 உவாற்றே. வீணாகும் அவ்வெப்பம் தீ விபத்துக்கும் வித்தாகலாம்.

இலிதியம் அயன் கலத்தில் எதிர்முனைக்குச் செம்புத் தகடும் நேர்முனைக்கு அலுமினியத் தகடும் அமைக்கப்படுகின்றன. அலுமினியத்தை எதிர்முனையில் வைத்தால் அது இலிதியத்தோடு கலந்து சிதையும். செம்பை நேர்முனையில் வைத்தால் அது கரையும். ஆதலால், கலங்களைத் தொடராக இணைக்கும்போது இவ்விரு உலோகங்களும் எங்கேனும் ஓரிடத்திற் சந்தித்தே தீரவேண்டும்.

இச்சந்திப்பு எளிதன்று. அலுமினியம் 660 பாகை செல்சியசிலும் செம்பு 1085 பாகையிலும் உருகுவன. இரண்டையும் சேர்த்து உருக்கினால், அவை கலந்து எளிதில் நொறுங்கும் சேர்வைகளாகின்றன. அவை மின்னையும் தடுப்பன. திருகாணியால் இறுக்குவோமெனின், அலுமினியத்தின் மேற்படியும் ஒட்சைட்டுப் படலம் இடைநிற்கும். மேலும், சூட்டில் அலுமினியம் செம்பினும் மிகுதியாக விரிவதால் நாளடைவில் இறுக்கம் தளரும்.

உருக்காமலே இணைக்க இயலாதா? நம் கொல்லர் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது இவ்வழியேயாம். 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்சுக்கு அண்மையிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் உவெயின் தோமசு என்பாரும் துணைவரும் இதற்குப் புதுமுறை கண்டனர். விரைந்து சுழலும் கடினமான கருவியொன்றின் தோள், தகடுகளின்மேல் அழுந்தி உராயும். நுனியிலுள்ள முளை பொருத்தினுள் இறங்கித் தயிரிடை மத்துப்போலக் கலக்கிக்கொண்டு முன்னேறும். உராய்வின் வெப்பத்தால் உலோகம் இளகும், உருகாது. ஒட்சைட்டுப் படலம் உடைந்து சிதற, புதுமுகங்கள் ஒன்றோடொன்று அழுந்திப் பிணைகின்றன. செம்பு கடினமானதாகையால் முளையை அலுமினியத்தின் பக்கம் சற்று ஒதுக்கிச் செலுத்துவர். நொறுங்கும் சேர்வை முற்றும் இல்லாது போவதில்லை. எனினும் அது சில மைக்கிரோமீற்றர் தடிப்புக்குள் அடங்கின் இணைப்பு உறுதியாகும். வெப்பம் மிகுந்து அப்படலம் தடித்தால் பிணைப்பு மீண்டும் நலியும். மெல்லிய தகடுகளுக்கோ, செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 தடவை அதிரும் மீயொலிக் கருவி அதே உராய்வுத் தொழிலைச் செய்கின்றது.

இத்துறையைக் கற்க நம் மாணவர் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலுள்ள உலோக இணைப்பு ஆய்வு மையத்தில், அலுமினியக் கலப்புலோகங்களை இம்முறையால் இணைப்பது பற்றி ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. காரைதீவிற் பிறந்த, விஞ்ஞானப் பட்டதாரியுமான சுவாமி விபுலாநந்தர் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த பல்கலைக்கழகம் அதுவே.

வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நமக்கு இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. உப்புநீர் படிந்த இடத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டிருப்பின், அவை தாமே ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிபடும். உராய்வால் ஒன்றிய முகங்களிடையே உப்பீரம் புக வழியில்லை. ஆயினும் பொருத்தின் வெளிவிளிம்பு திறந்தே கிடக்கின்றது. அதனை ஈரம் புகாப் பூச்சினால் மூடுதல் இன்றியமையாதது. திறம்பட இணைத்தலோடு இணைந்ததைக் காத்தலும் சேர்ந்தாலன்றி, வாவிக்கரைக் காற்றில் எந்த மின்கல அடுக்கும் நெடுநாள் உழைக்காது.