பியூன் வீட்டுக்கும் ஒரு வரைபடம்

சண்டிகர் என்றதும் எல்லாரும் லெ கார்பூசியேயின் பெயரைத்தான் சொல்வார்கள். சட்டமன்றம், உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம் என்று படம் பிடிக்கக் கூட்டம் சேரும் இடங்கள் அவருடையவைதான். ஆனால் அந்த ஊருக்கு வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் பியூன்களும் சமைத்து, குளித்து, படுத்து எழுந்த அரசுக் குடியிருப்புகளுக்குப் பொறுப்பு வேறு மூன்று பேர்: அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே, லண்டனிலிருந்து வந்த மாக்ஸ்வெல் ஃப்ரை, ஃப்ரையின் மனைவி ஜேன் ட்ரூ. என்னைக் கேட்டால், நவீனக் கட்டடக்கலை நம் நாட்டில் செய்த உருப்படியான வேலை இந்தச் சின்ன வீடுகளில்தான் இருக்கிறது.

ஃப்ரைக்கும் ட்ரூவுக்கும் 1942ல் திருமணம். அதற்கு முன்பே இருவரும் தனித்தனியே தொழில் நடத்தியவர்கள். போர் முடியும் தறுவாயில் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நகரமைப்பு ஆலோசனை சொல்லப் போனார்கள். இங்கிலாந்து வீட்டை அப்படியே பெயர்த்து வந்து அந்தப் புழுக்கத்தில் வைத்தால் உள்ளே மனிதன் வெந்துபோவான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். வெப்பநாட்டுக் கிராம வீடுகளைப் பற்றி 1947ல் ஒரு நூலும் வந்தது.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. அதற்கான புது நகரத் திட்டத்தில் இருந்த கட்டடக்கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கி 1950ல் விமான விபத்தில் இறந்தார். வேறு ஆள் தேடி தாப்பர், வர்மா என்ற இரண்டு அதிகாரிகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். லண்டனில் இந்தத் தம்பதியைப் பார்த்தபோது, கார்பூசியேயைக் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னவரே ட்ரூதான். கார்பூசியே அவ்வப்போது வந்து போக, ஃப்ரையும் ட்ரூவும் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அங்கேயே தங்கினார்கள்.

அரசு ஊழியர் வீடுகளை முதலில் 13 வகையாகப் பிரித்தார்கள். எண் பதவியைக் குறிக்கும், எழுத்து வரைந்தவரைக் குறிக்கும். 13-டி என்றால் கடைநிலை ஊழியருக்கு ட்ரூ வரைந்த வீடு. இரண்டு அறை, அடுக்களை, குளியலறை, கழிப்பறை, பின்னால் ஒரு முற்றம், குழாயில் தண்ணீர், மின்சாரம். 1950களில் இந்தியாவில் ஒரு பியூனுக்கு இதெல்லாம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் தட்டுப்பாடு, கண்ணாடி விலை அதிகம். மலிவாகக் கிடைத்தது சூளைச் செங்கல் ஒன்றுதான். ஆகவே வெயிலைச் சமாளிக்கும் வேலை முழுவதும் செங்கல் தலையில் விழுந்தது.

பஞ்சாபில் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. மே மாதத்தில் வறண்ட அனல், ஜூலையில் ஈரப் புழுக்கம், ஜனவரியில் பல் கிட்டும் குளிர். வறண்ட வெயிலுக்குத் தடிச்சுவர் வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் சுடும் சூடு உட்பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். நடுப்பகல் வெயில் அறைக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் இருட்டிவிடும். அதற்குள் வீட்டார் கயிற்றுக் கட்டிலோடு முற்றத்துக்கோ மாடிக்கோ போயிருப்பார்கள். வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டியதிலும் கணக்கு உண்டு. பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் வெயிலே படாது, செங்கல்லும் மிச்சம்.

புழுக்கத்துக்குத் தடிச்சுவர் உதவாது, காற்று வேண்டும். அங்கேதான் ஜாலி வருகிறது. செங்கல் வரிசையில் இடையிடையே ஒரு கல் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டும் பின்னல் சுவர் அது. ஓட்டையின் உயரம் மூன்று அங்குலம், சுவரின் கனம் நாலரை அங்குலம் என்று வையுங்கள். சுவருக்கு நேர் எதிரே நிற்கும் சூரியன் சுமார் 34 பாகைக்கு மேல் ஏறியதும் நேர்க்கதிர் எதுவும் அந்த ஓட்டையைத் தாண்டி உள்ளே விழாது. வெளிச்சம் செங்கல்லில் பட்டுச் சிதறி, கூச்சம் போக்கித்தான் வரும். காற்றுக்கோ தடையில்லை. போதாததற்கு, பகலில் வெளியே பளீரென்றும் உள்ளே மங்கலாகவும் இருப்பதால், உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு வீடு தெரியாது. திரைத்துணிச் செலவும் இல்லை. ராஜஸ்தான் மாளிகைகளில் கல்லில் குடைந்த சங்கதி, இங்கே மேஸ்திரியின் கைக்கு வரும்படி செங்கல்லில் இறங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மேல்தளம் இந்த வீடுகளின் பலவீனம். நாள் முழுக்க வெயிலை வாங்கிய தட்டைக் கூரை, அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்லைப் போலப் பொழுது சாய்ந்தும் கீழே சூட்டை இறக்கும். குளிர்காலத்தில் அதே ஜாலி வழியாக ஊதைக்காற்று நுழையும். இன்னொரு குறை கட்டுமானத்தைச் சேர்ந்ததல்ல. பதவிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு வீடு என்று வைத்ததில், ஒருவருடைய முகவரியைக் கேட்டாலே அவருடைய சம்பளம் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைப் போட்டது அரசாங்கம்தான், ஆனால் அதற்கு உருவம் கொடுத்ததில் மூவருக்கும் பங்கு உண்டு.

ட்ரூவின் உழைப்பை 22ஆம் செக்டரில் அதிகம் பார்க்கலாம். அங்கேயுள்ள கிரண் சினிமா ஃப்ரையின் வேலை. 1954ல் இருவரும் திரும்பிப் போனார்கள், ஜான்னரே 1965 வரை தங்கினார். ஈரமான வெப்பநாடுகளுக்கான கட்டடக்கலை பற்றி இத்தம்பதியின் நூல் 1956ல் வந்தது. வறண்ட பகுதிகளையும் சேர்த்து விரிந்த நூல் 1964ல் வெளியானது. சென்னையில் வீடு கட்டுகிறவருக்குப் பயன்படுவது அதில் ஈரப் பகுதி பற்றிய பாடம்தான். கடலோரப் புழுக்கத்தில் சண்டிகரின் தடிச்சுவரைவிட, ஒரே வரிசையில் அறை வைத்து, இருபுறமும் ஜன்னல் திறந்து, காற்றைக் குறுக்கே ஓடவிடும் ஆப்பிரிக்க வீட்டு வரைபடமே நமக்குப் பொருத்தம்.